அந்தப் பொத்தானை ஏன் அமுக்கவில்லை?

பதிவு நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். வீட்டில் பீடியோ சிகரெட்டோ குடிக்கிறவர் இருந்தால் இப்போதே படித்துவிடுங்கள்.

போன வாரம் என் அண்ணனின் உடம்பு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி சோதனையில், நீலமும் பச்சையும் கலந்த ஒரு தனி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் நோய் பிடிபட்டது என்று சொல்லியிருந்தேன். அன்று ராத்திரியே என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இன்று நல்ல பெயர் எடுத்த டாக்டர், பெயர் வேண்டாம். "டீச்சர், அதெல்லாம் கம்பெனிக்காரன் விக்கிற விளையாட்டுச் சாமான். அதைப் போட்டதால கூடுதலா யாரும் பிழைச்சாங்கன்னு நிரூபணம் கிடையாது. நீங்க எழுதினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து அந்த லைட்டைப் போடுங்கன்னு கேப்பாங்க" என்றான்.

கேட்கட்டும் ராஜா. கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் சம்மதம் வாங்கியாயிற்று. "எழுது, இன்னொருத்தனாவது தப்பிக்கட்டும்" என்றார்.

அண்ணனுக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. முப்பத்தைந்து வருஷம் பீடி. ஒருநாள் காலையில் இருமும்போது சளியில் நூல் மாதிரி ரத்தம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சளியில் டிபி கிருமி இல்லை, மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. ஆனாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று டிபி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் விழுங்கினார். ரத்தம் நின்று நின்று வந்தது. சி.டி. எடுத்தார்கள், பழைய தழும்பு ஒன்று இருக்கிறது, வேறில்லை என்றார்கள். பிறகுதான் பிராங்கோஸ்கோப்பி. அதிலும் "லேசான சிவப்பு, மற்றபடி நார்மல்". வீட்டில் பாயசம் வைத்தோம்.

அடுத்த ஆறு மாதத்தில் சளியைச் செல் பரிசோதனைக்கு அனுப்பியதில் சந்தேகமான செல்கள் வந்தன. வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் மறுபடியும் குழாய் விட்டார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர், என் பேரன் வயதுதான் இருக்கும். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குழாயின் கைப்பிடியிலிருந்த பொத்தானை அமுக்கினாராம். திரை முழுக்க நிறம் மாறியது. இடது மேல் மடலுக்குப் போகும் கிளை பிரிகிற இடத்தில், மிளகாய் விதை அளவு பரப்பில், பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரிந்தன. அங்கே கிள்ளி எடுத்த சதையில் புற்று. மேல்தோலை விட்டு இன்னும் கீழே இறங்காத நிலை. அந்த இடத்தைக் குழாய் வழியாகவே உறைய வைத்து அழித்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. இன்று காலையில் என்னோடு சட்டினி காரம் போதவில்லை என்று சண்டை போட்டார்.

இரண்டு படங்களையும் எனக்குக் காட்டினார்கள். ஒரே இடம், ஒரே நாள், ஒரே குழாய். வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றதில் நாலாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டும்.

இதற்குப் பிறகு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். முதல் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த அறையில் இருந்த டெக்னீஷியனிடம் விசாரித்தேன். "இருக்கு மேடம், அந்த பட்டன் நம்ம மெஷின்லயும் இருக்கு. நாங்க போடறதில்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உண்மையைச் சொன்ன மனிதர். அன்றே போட்டிருந்தால் தெரிந்திருக்குமா? ஆறு மாதத்துக்கு முன் அந்தப் புள்ளிகள் அங்கே இருந்தனவா? யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், யாரும் பார்க்கவில்லை என்பதுதான்.

இப்போது பாடம். என்னிடம் பத்தாம் வகுப்பில் ஒளி படித்தவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். விடைத்தாளில் சிவப்பு மையில் நான் போட்ட மார்க்கை, சிவப்பு செலோஃபேன் தாள் வழியாகப் பார்க்கச் சொல்வேன். மார்க் மறைந்துவிடும். உங்களில் பலருக்கு அது பெரிய சந்தோஷம். பிறகு நீலத் தாளைக் கொடுப்பேன், அதே மார்க் கறுப்பாக எழுந்து நிற்கும். சிவப்பு மை நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, திருப்பி அனுப்புவதில்லை. அதனால் கறுப்பு. அவ்வளவுதான் விஷயம். ஜப்பான்காரர்கள் நெஞ்சுக்குள் செய்வதும் இதே விளையாட்டுதான்.

மூச்சுக்குழாயின் உட்சுவர் இளஞ்சிவப்பு, அதில் ஓடும் ரத்த நாளமும் சிவப்பு. ரோஸ் காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியதை வாசிக்கச் சொன்ன கதை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலத்தை மிக அதிகமாக விழுங்கும், 540 அருகிலுள்ள பச்சையையும் விழுங்கும். ஆகவே விளக்கின் முன்னால் ஒரு வடிகட்டியை நிறுத்தி, இந்த இரண்டு குறுகிய பட்டைகளை மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். நாரோ பேண்ட் இமேஜிங் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், குறுகிய பட்டை ஒளியில் படம் பிடிப்பது என்றுதான் அர்த்தம்.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது, இயற்பியல் வாத்தியாரம்மாவால் சொல்லாமல் போக முடியாது. அலைநீளம் குறைந்த நீலம் திசுவுக்குள் ஆழமாகப் போகாது, மேல்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடும். ஆகவே மேலே இருக்கிற மயிரிழை நாளங்களை மட்டும் அது காட்டும். பச்சை கொஞ்சம் கூடுதல் ஆழம் போகும், அடியில் இருக்கிற பெரிய நாளங்களைக் காட்டும். திரையில் நிறம் சேர்க்கும்போது மேல் நாளங்கள் பழுப்பாகவும், ஆழத்தில் இருப்பவை நீலப்பச்சையாகவும் வருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். சாயம் எதுவும் ஊசியில் போடுவதில்லை. கதிர்வீச்சு இல்லை. வெறும் வெளிச்சம்.

ரத்த நாளத்தைப் பார்த்துப் புற்றை எப்படிப் பிடிப்பது? 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு கருத்தைச் சொன்னார். புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென்று புது ரத்த நாளங்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. கள்ளத்தனமாகக் கட்டுகிற வீட்டுக்குக் கரண்ட் இழுத்துக்கொள்கிற மாதிரி. வீட்டைப் பார்க்க முடியாவிட்டாலும் கம்பியைப் பார்த்துவிடலாம். ஆரோக்கியமான மூச்சுக்குழாய்ச் சுவரில் நாளங்கள் இலை நரம்புபோல் கிளைத்து மெலிந்து போகும். கெட்டுப்போகத் தொடங்கிய இடத்தில் நுண்நாளங்கள் வளையம் வளையமாக மேல்தோலுக்குள் எழும்பி வரும். மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு அவை புள்ளிகள். முற்ற முற்ற, நெளிந்தும் திருகாணிபோல் முறுக்கிக்கொண்டும் தெரியும். ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்து ஷிபுயாவும் அவர் கூட்டாளிகளும் நிறையப் புகைபிடித்தவர்களின் மூச்சுக்குழாயில், புற்றாக மாறக்கூடிய திசுமாற்றத்தில், இந்த வளையங்களை இந்த ஒளியில் காட்டிக் கட்டுரை வெளியிட்டது 2003-ல். நேற்று வந்த சரக்கில்லை.

1897-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் மாட்டிய எலும்புத் துண்டை விறைப்பான குழாய் விட்டு எடுத்தார், அதுதான் தொடக்கம். 1966-ல் ஜப்பானின் ஷிகேடோ இக்கேதா வளைகிற குழாயைக் கொண்டுவந்தார். குழாய் வளைந்தது, கேமரா வந்தது, திரை வந்தது. வெளிச்சத்தை மாற்ற மட்டும் நம் ஆட்களுக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

என் மாணவ டாக்டருக்கு வருகிறேன். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். நோய் அறிகுறியே இல்லாத ஜனங்களை வரிசையில் நிற்க வைத்துச் சோதிப்பதற்கு நிரூபணம் வேண்டும். அமெரிக்காவில் ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புகைபிடிப்பவர்களை வைத்து, குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்ததில் நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் காட்டினார்கள். அதுதான் நிரூபணம். இந்த ஒளிக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. நுரையீரலின் ஓரத்தில் இருக்கிற கட்டிகளுக்கு இது உதவாது, குழாய் எட்டுகிற பெரிய கிளைகளில் மட்டும்தான். புகைக்காத பெண்களுக்கு வருகிற புற்று பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும். புண், சளி, டிபி எல்லாமே நாளங்களின் கோலத்தை மாற்றும், பழுப்புப் புள்ளி தெரிந்தாலே புற்று என்று முடிவு கட்ட முடியாது. கிள்ளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் முடிவு. இன்னொன்றும் சொல்கிறேன். சுவரில் ரத்தம் படிந்திருந்தால் அந்த ரத்தமே ஒளியை விழுங்கித் திரை இருண்டுவிடும், கழுவித் துடைத்த பிறகுதான் பார்க்க முடியும்.

எல்லாம் சரி. ஆனால் நான் கேட்டது ஊரைச் சலிக்கச் சொல்லியா? ஊரைச் சலிப்பது வேறு, கண் முன்னால் படுத்திருக்கிற ஒரு ஆளைப் பார்ப்பது வேறு. முப்பத்தைந்து வருஷம் பீடி, சளியில் ரத்தம், சி.டி.யில் காரணம் இல்லை. சி.டி.யின் கண்ணுக்குத் தட்டையான ஆரம்பப் புற்று பெரும்பாலும் தெரியாது என்றுதானே குழாயே விடுகிறீர்கள்? பட்டினி கிடந்து, தொண்டை மரக்க மருந்து அடித்து, இருமி, கண்ணீர் வழிந்து, பணமும் கட்டி, குழாய் உள்ளே போயாயிற்று. இனி ஆகிற கூடுதல் செலவு ஒரு விரலும் சில நிமிஷமும்தான். இதற்கும் ஐம்பதாயிரம் பேரை வைத்து நிரூபணம் வேண்டுமா?

முப்பத்தொரு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள் நான். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மார்க் கூட்டுகிற வாத்தியாரைப் பார்த்திருக்கிறேன். "பெரும்பாலான பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில் எழுதுவதில்லை" என்பார். பெரும்பாலும் சரிதான். எழுதிய பிள்ளை பெயிலாகும்.

"பார்க்கத் தெரிய வேண்டும் டீச்சர், பழக்கம் இல்லாத கண்ணுக்கு எல்லாமே புள்ளியாகத் தெரியும்" என்றும் சொன்னான். நல்ல வாதம். அப்படியானால் பழகு. பல ஆஸ்பத்திரிகளில் பக்கத்து அறையில் வயிற்று டாக்டர் உணவுக்குழாயிலும் பெருங்குடலிலும் இதே ஒளியைப் போட்டுத்தானே பார்க்கிறார்? அவருக்குக் கண் பிறவியிலேயே பழகியதா? ஒளிர்வை வைத்துப் பார்க்கிற இன்னொரு முறையைக் கனடாவில் வான்கூவரில் தொண்ணூறுகளிலேயே கொண்டுவந்தார்கள். அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் பொய் எச்சரிக்கை அதிகம். இந்த நாள ஒளியில் பொய் எச்சரிக்கை அதைவிடக் குறைவு. குறைவு என்பதே பழகியவர்களின் கையில்தான். பொத்தானைத் தொடாமலே இருந்தால் யாருக்குப் பழகும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பயம் கொடுத்தது. மூச்சுக்குழாய்ச் சுவரில் சிலருக்குப் பிறவியிலோ நோயாலோ தடித்த ரத்த நாளம் ஒன்று மேல்தோலுக்கு ஒட்டிக்கொண்டு ஓடும். வயிற்றில் இப்படி இருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் தியலாஃபுவாவின் பெயராலேயே இதையும் அழைக்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்தில் அது வழுவழுப்பான ஒரு சின்ன மேடு. கட்டி என்று நினைத்துக் கிள்ளினால் ரத்தம் பீறிடும், மேஜையிலேயே உயிர் போனதும் உண்டு. கிள்ளுவதற்கு முன் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தால் அங்கே நாளம் ஓடுவதற்கு அறிகுறி கிடைக்கலாம். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் முனையுள்ள குழாயால் உறுதி செய்துகொள்ளலாம். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிற சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் நாளக் கோளாறுக்கும் மூச்சுக்குழாய்ச் சுவரில் சிவப்புப் பொட்டுகள் இருக்கலாம். இதற்கெல்லாம் யாரும் புள்ளிவிவரம் கேட்டு நிற்க வேண்டாம். கத்தியை வைப்பதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது காய் நறுக்குகிறவர்களுக்கே தெரிந்த வேலை.

இதைப் படித்துவிட்டு யாராவது "நீல ஒளியில் நுரையீரல் செக்கப் பேக்கேஜ்" என்று விளம்பரம் அனுப்பினால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். இருமல் இல்லை, ரத்தம் இல்லை, புகைப் பழக்கம் இல்லை என்றால் உங்களுக்குக் குழாயே தேவையில்லை. நான் பேசுவது வேறு காரணத்துக்காகக் குழாய் விடப்போகிறவர்களைப் பற்றி.

கடைசியாகச் சொந்தக்காரர்களுக்கு. டாக்டரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியமில்லை. முதல் தடவை ரத்தம் வந்தபோது மதினி டாக்டரிடம் சொன்னது என்ன? "அவுக எப்பயாச்சும்தான் பீடி குடிப்பாக, அதுவும் விட்டு நாளாச்சு." பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பாப்பாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வியாதிக்கார வீடு என்று பேர் வந்துவிடக் கூடாதென்று எல்லோருமாகச் சேர்ந்து மூடினோம். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி என்று அன்றே சொல்லியிருந்தால் அந்த டாக்டர் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். அறிவியல் வாத்தியாரம்மா என்று ஊரில் பெயர். தரவை மறைத்துவிட்டு முடிவு தப்பாக வந்தது என்று பிறரைக் குறை சொல்கிறேன். இந்த வரியை எழுதக் கூடாது என்று மதினி சொன்னார்கள். மன்னியுங்கள் மதினி.

இதெல்லாம் சொல்லிவிட்டு என் மாணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "உன் ஆஸ்பத்திரி மெஷினில் அந்தப் பொத்தான் இருக்கா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கு டீச்சர்." "கடைசியா எப்போ அமுக்கினே?" "ஞாபகம் இல்ல டீச்சர்." பொய் சொல்லாத பிள்ளை, அன்றும் அப்படித்தான்.

டாக்டராகவும் நர்ஸாகவும் டெக்னீஷியனாகவும் இருக்கிற என் பிள்ளைகள் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அந்த அறையில் எட்டிப் பாருங்கள். பொத்தான் இருக்கிறதா, யாராவது போடுகிறார்களா, போடவில்லையென்றால் ஏன் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் வேலை போக வேண்டாம். அண்ணனுக்கு அடுத்த சோதனை வரும் மாதம். நான்தான் கூடப் போகிறேன், இரண்டு வெளிச்சத்திலும் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வருவேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்